மக்கும் படலத்தில் காமா கதிர் பட்டால் என்ன ஆகும்?

ஒரு மாணவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது: "இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கலந்து, கிளிசரால் விட்டு, லவங்கப்பட்டை எண்ணெய் சேர்த்து ஒரு படலம் செய்திருக்கிறேன். எம்.டெக். ப்ராஜெக்ட். இறால் பொதிவதற்கு. கைடு இதைக் காமா கதிர்வீச்சுக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். கதிர் பட்டால் படலம் கெட்டுவிடுமா? கிருமியைக் கொல்லும் சக்தி போய்விடுமா? அதற்கப்புறமும் மக்குமா? எத்தனை கிலோகிரே கொடுக்கலாம்?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். கதிர்வீச்சு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிர் அளவின் அலகு) என்பதைத்தான். படலத்தைப் பொறுத்தவரை அந்த எண் பாதிக் கணக்குத்தான். கதிர் படும் நேரத்தில் படலத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது, சுற்றிலும் காற்று இருந்ததா, பட்டு எத்தனை நாள் கழித்துச் சோதித்தீர்கள் என்பது மீதிப் பாதி. இந்த மூன்றையும் குறித்துவைக்காமல் "5 கிலோகிரேயில் இழுவிசை குறைந்தது" என்று மட்டும் தீசிஸில் எழுதினால், அடுத்து வருபவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆரம்பிக்கும் முன் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். வைவாவில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். காமா நிலையங்களில் கதிர் மூலமாக இருக்கும் கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். உணவிலோ படலத்திலோ இருக்கும் அணுக்கருவைக் கிளறி அதைக் கதிரியக்கப் பொருளாக்க இது போதாது. எலக்ட்ரான் கற்றைக்கு 10 மில்லியன், எக்ஸ் கதிருக்கு 5 மில்லியன் என்று உச்சவரம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான். 10 கிலோகிரே என்றால் கிலோவுக்கு 10,000 ஜூல். தண்ணீரில் அவ்வளவும் வெப்பமாக மாறினாலும் சுமார் 2.4 டிகிரிதான் சூடு ஏறும். 10 கிலோகிரே வரை எந்த உணவுக்கும் நச்சுயியல் ரீதியான ஆபத்து இல்லை என்று 1980-இலேயே உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண் அமைப்பு, சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் குழு உணவைப் பற்றித்தான் பேசியது. உணவைச் சுற்றியிருக்கும் படலத்துக்குத் தனிக் கணக்கு.

இவ்வளவு சொற்ப வெப்பம் படலத்தை என்ன செய்துவிடும்? வெப்பம் என்றால் எல்லா மூலக்கூறுக்கும் சமமாகப் பரவும். கதிரோ தன் ஆற்றலை இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளி என்று கொட்டிவிட்டுப் போகிறது. கொட்டிய இடத்தில் பிணைப்பு அறுகிறது, தனி எலக்ட்ரானோடு ஒரு ராடிக்கல் நிற்கிறது. கைட்டோசான், ஸ்டார்ச், செல்லுலோஸ் எல்லாமே சர்க்கரை அலகுகளைக் கோத்த நீளச் சங்கிலிகள். ஆயிரம் கண்ணி உள்ள சங்கிலியில் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், நீளம் பாதியாகிவிடும். எடை அப்படியேதான் இருக்கும், அகச்சிவப்பு நிறமாலையிலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் படலத்தின் பலம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) படத்தைப் பார்த்துவிட்டு "மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதாதீர்கள் என்று எங்கள் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். கைட்டோசான் படலமாக இருந்தால் ஒரு துண்டை 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, பாகுத்தன்மை அளக்கும் கண்ணாடிக் குழாய் விஸ்கோமீட்டரில் விட்டு இறங்கும் நேரத்தைப் பாருங்கள். கதிர் படாத மாதிரி நிதானமாக இறங்கும், பட்டது சட்டென்று ஓடிவிடும். ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

கையாலேயே பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. வாட்டிய வாழையிலையையும் வாட்டாத இலையையும் மடித்துப் பார்த்திருப்பீர்கள். நன்றாகச் செய்த கைட்டோசான் படலம் வாட்டிய இலை மாதிரி மடியும், விரித்தால் கோடு மட்டும் தெரியும். காற்றில் உலர்நிலையில் 25 கிலோகிரே வாங்கிய படலத்தை மடித்தால் வாட்டாத இலைபோல மடிப்பில் கீறல் ஓடும், சிலது சின்னச் சத்தத்தோடு இரண்டாகவே போய்விடும். நிறமும் மாறியிருக்கும். ஒற்றைப் படலத்தில் தெரியாது, பத்துத் துண்டை அடுக்கி வெள்ளைத் தாளில் வைத்தால் வெளிர் மஞ்சள் தெரியும். அறுந்த முனைகளில் உருவாகும் கார்போனைல் தொகுதிகளும், அவை கைட்டோசானின் அமினோ தொகுதியோடு சேர்வதும்தான் அதற்குக் காரணம்.

இவை எல்லாம் காய்ந்த படலத்தின் கதை. ஈரம் வந்துவிட்டால் கதையே வேறு. தண்ணீரில் கதிர் பட்டால் ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டாகும். அது சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், சங்கிலி மேலேயே ராடிக்கல் தங்கிவிடும். அப்படிப்பட்ட இரண்டு சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில், நகர இடத்தோடும் இருந்தால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். ஜப்பானின் தாகாசாகி ஆய்வகத்தார் தண்ணீரில் கரையும் செல்லுலோஸ் வகையான கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸை வைத்து இதை அழகாகக் காட்டினார்கள். உலர்ந்த தூளாக வைத்துக் கதிர் கொடுத்தால் சங்கிலி அறுகிறது. நீர்த்த கரைசலிலும் அறுகிறது. கெட்டியான பசையாகப் பிசைந்து வைத்துக் கொடுத்தால் குறுக்குப் பிணைப்பு விழுந்து, தண்ணீரில் கரையாத ஜெல் ஆகிவிடுகிறது. பொருளும் அதே, கதிரும் அதே, பக்குவம்தான் வேறு. சர்க்கரைச் சங்கிலி என்றாலே கதிரில் அறுந்துதான் போகும் என்று பாடப்புத்தகத்தில் இருந்த நம்பிக்கையை அசைத்த வேலை அது.

உங்கள் படலத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். கிளிசரால் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும். டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய ஜாடி) இருந்த படலமும் மழைக்கால மேசையில் ஒரு வாரம் கிடந்த படலமும் ஒரே படலம் அல்ல. இறாலைச் சுற்றிய படலம் அதைவிட ஈரமாக இருக்கும். எனவே வெறும் படலத்துக்குக் கதிர் கொடுத்து வந்த முடிவை, இறாலோடு கதிர் வாங்கும் படலத்துக்கு ஒட்டவைக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வெறும் படலத்தைக் கொடுக்கும்போது, அதற்கு முன் இரண்டு நாளாவது நிலையான ஈரப்பதத்தில் வைத்து, அந்த எண்ணையும் எழுதிவையுங்கள்.

ஸ்டார்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைட்டோசானைப் போலவே அறுகும், கஞ்சி நீர்த்துப்போகும். புரதத்தின் போக்குதான் சுவாரசியம். கனடாவில் மான்ட்ரியல் பக்கத்து லவால் நகரில் மோனிக் லாக்ருவா குழுவினர் 1990-களிலேயே பால்புரதமான கேசினேட் கரைசலுக்குக் காமா கதிர் கொடுத்து, பிறகு அதைப் படலமாக வார்த்தார்கள். புரதத்திலுள்ள டைரோசின் அமினோ அமிலங்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து பைடைரோசின் ஆகின்றன. அது புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் என்பதால் பிணைப்பு விழுந்ததா என்று கண்ணாலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அதாவது, வேறு படலத்தை நொய்யவைக்கும் அதே கதிர் இந்தப் படலத்தை உறுதியாக்குகிறது, ரசாயனப் பிணைப்பி எதுவும் சேர்க்காமலே. கைட்டோசான் படலம் கதிருக்குத் தாங்கவில்லை என்றால், கொஞ்சம் கேசினேட்டோ ஜெலட்டினோ கலந்து பார்ப்பதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலத்தைப் பற்றியும் கைடு கேட்கலாம். அது பெரும்பாலும் அறுகும் கட்சி. இன்னொரு மக்கும் பிளாஸ்டிக்கான பாலிகேப்ரோலாக்டோன் அதிக அளவுகளில் பின்னிக்கொள்ளும் கட்சி. மக்காத பழைய பிளாஸ்டிக்கிலும் இதே பிரிவு உண்டு. பாலிஎத்திலீன் பின்னிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் நொய்ந்துபோகும். மருத்துவ சிரிஞ்சுகளைக் கதிரால் சுத்தம் செய்யத் தொடங்கியபோது, கதிர் தாங்கும் பாலிபுரொப்பிலீனைத் தனியாக உருவாக்க வேண்டிவந்தது அதனால்தான்.

இப்போது காற்று. ஆக்சிஜன் இருந்தால் ராடிக்கல்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும் முன்பே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். பெராக்சைடு ஆகி, அது உடைந்து, சங்கிலியையும் உடைக்கும். இந்த வேலை கதிர் நின்றபிறகும் நிற்காது. படிகப் பகுதிகளுக்குள் மாட்டிக்கொண்ட ராடிக்கல்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உயிரோடிருந்து, ஆக்சிஜன் மெதுவாக உள்ளே வர வர வினைபுரிந்துகொண்டே இருக்கும். பல வருடங்களுக்கு முன் நான் இதில் சரியாக அடிபட்டேன். கதிர் வாங்கி வந்த மறுநாளே இழுவிசை பார்த்தோம், நன்றாக இருந்தது, அறிக்கையும் எழுதிவிட்டோம். மூன்று வாரம் கழித்து மிச்சமிருந்த துண்டுகளைக் கவரிலிருந்து எடுத்தபோது கிளாம்பில் மாட்டும்போதே ஓரம் பொடிந்து விழுந்தது. அன்றிலிருந்து முதல் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று முறை பார்க்காத எந்தத் தரவையும் நான் நம்புவதில்லை. உங்கள் இறால் பாக்கெட்டும் மறுநாளே பிரிக்கப்படப் போவதில்லையே.

காமாவுக்கும் எலக்ட்ரான் கற்றைக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வருகிறது. காமா நிலையத்தில் சில கிலோகிரே வாங்க மணிக்கணக்காகும். எலக்ட்ரான் கற்றையில் விநாடிகளில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் படலத்துக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால், வெளியிலிருந்து புதிதாக ஊறி வர நேரம் இருக்காது. அதனால் ஒரே அளவு கொடுத்தாலும் எலக்ட்ரான் கற்றையில் ஆக்சிஜனேற்றச் சேதம் பொதுவாகக் குறைவு. உங்களுக்குக் காமா மட்டும்தான் கிடைக்கும் என்றால், வெற்றிடத்தில் சீல் செய்த ஒரு தொகுப்பையும் சேர்த்து அனுப்புங்கள். காற்றின் பங்கு எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, கிருமியைக் கொல்லும் சக்தி. இதில் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கைட்டோசானின் சொந்தச் சக்தி ஒன்று. அதன் அமினோ தொகுதி நேர்மின்னேற்றம் பெற்றால்தான் பாக்டீரியாவின் மேல் சவ்வைப் பிடிக்கும். அதன் பி.கே.ஏ., அதாவது பாதி அமினோ தொகுதிகள் மின்னேற்றத்தோடு இருக்கும் பி.எச்., சுமார் 6.5. அமிலத்தன்மை அதைவிடக் குறைந்தால், அதாவது பி.எச். 7-ஐத் தாண்டினால், பெரும்பாலான அமினோ தொகுதிகள் சும்மா இருக்கும். இறால் கெட ஆரம்பித்தால் அமோனியாவும் அமீன்களும் சேர்ந்து பி.எச். மேலே ஏறும். ஆகவே அகார் தட்டில் பெரிய வளையம் (கிருமி வளராத வட்டம்) காட்டும் கைட்டோசான் இறால் மேல் சோம்பிவிடுவதற்குக் கதிரைக் குற்றம் சொல்லக் கூடாது. கதிர் உண்மையில் உதவவும் செய்யலாம். உலர்ந்த கைட்டோசானுக்கு 100 கிலோகிரே கொடுத்தபோது எஷெரிசியா கோலைக்கு எதிரான அதன் சக்தி கூடியது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். துண்டுகள் சிறிதாகும்போது கரைதிறன் கூடுகிறது, கிருமியை எட்டுவது எளிதாகிறது. ஆனால் அவ்வளவு கதிர் வாங்கிய கைட்டோசானில் நல்ல படலம் வார்க்க முடியாது. கதிர் கொடுத்த கைட்டோசானைக் கொஞ்சமாக, கொடுக்காததோடு கலந்து வார்க்கலாம். பலத்துக்கு நீளச் சங்கிலி, வீரியத்துக்குக் குட்டைச் சங்கிலி. என் கையில் ஒரு ப்ராஜெக்ட் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

அடுத்தது எண்ணெய். கிராம்பிலுள்ள யூஜினால், ஓமத்திலுள்ள தைமால், ஆரிகனோவிலுள்ள கார்வக்ரால் எல்லாம் பீனால்கள், ராடிக்கல்களை உறிஞ்சிக்கொள்ளக் கூடியவை. படலத்தில் இருக்கும்போது கதிரின் அடியில் ஒரு பகுதியைத் தாங்களே வாங்கிக்கொண்டு சங்கிலியைக் காப்பாற்றும். அந்த அளவுக்குத் தாங்கள் செலவாகியும் போகும். உங்கள் லவங்கப்பட்டை எண்ணெயில் பிரதானம் சின்னமால்டிஹைடு. அது பீனால் இல்லை, ஆல்டிஹைடு. படலம் வார்க்கும்போதே கைட்டோசானின் அமினோவோடு ஷிஃப் பேஸ் என்ற ஆல்டிஹைடு-அமினோ பிணைப்பில் ஒரு பங்கு சிக்கிக்கொள்ளும். எனவே கதிருக்கு முன்னும் பின்னும் "எவ்வளவு எண்ணெய் மிச்சம்" என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். "எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது" என்பதையும் பாருங்கள். சங்கிலி அறுந்து படலம் தளர்ந்தால் எண்ணெய் சீக்கிரம் வெளியேறும், முதல் இரண்டு நாள் பிரமாதம், அப்புறம் ஒன்றுமிருக்காது. பின்னல் விழுந்தால் மெதுவாகக் கசியும். தட்டில் வளையத்தின் அளவு மாறியது என்றால், மருந்து மாறியதா, மருந்து வரும் வேகம் மாறியதா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். வெள்ளி அயனி சேர்த்த படலங்களில் கதிரே அயனியை ஒடுக்கி நானோ துகளாக்கிவிடும். பலர் வேண்டுமென்றே அந்த வழியில் வெள்ளித் துகள் தயாரிக்கிறார்கள். துத்தநாக ஆக்சைடு கிட்டத்தட்ட அசையாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, உங்கள் ப்ராஜெக்டின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. கதிரும் எண்ணெயும் ஒரே கிருமியை இரண்டு பக்கமிருந்து தாக்குகின்றன. கதிர் டி.என்.ஏ.-வை வெட்டுகிறது, எண்ணெய் சவ்வை ஓட்டையாக்குகிறது. வெட்டுப்பட்ட பாக்டீரியா பழுதுபார்க்க ஆற்றல் தேடும் நேரத்தில் சவ்வு ஒழுகினால் எழுந்திருக்க வழியில்லை. லாக்ருவா குழுவின் பல வருட வேலை இதைச் சுற்றித்தான். கிருமி எதிர்ப்புப் படலமும் காமாவும் சேர்ந்தால் கிருமியின் டி10 மதிப்பு, அதாவது எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாக்கத் தேவையான கதிர் அளவு, குறைகிறது. உதாரணக் கணக்கு ஒன்று: ஒரு கிருமிக்கு டி10 0.5 கிலோகிரே என்று வைத்துக்கொள்வோம். ஐந்து படி குறைக்க, அதாவது ஐந்து முறை பத்தில் ஒன்றாக்க, 2.5 வேண்டும். படலம் அதை 0.35-க்கு இறக்கினால் 1.75 போதும். அந்த முக்கால் கிலோகிரே மிச்சம், இறாலின் மணத்துக்கும் நல்லது, படலத்தின் ஆயுளுக்கும் நல்லது. "கதிர் படலத்தை என்ன செய்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "படலம் கதிர்த் தேவையை எவ்வளவு குறைக்கிறது" என்றும் கேட்டால் உங்கள் ஆய்வு ஒரு படி மேலே போகும்.

உணவுக்குள் என்ன இறங்குகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டார்ச் கதிரில் உடையும்போது ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மலோன்டிஆல்டிஹைடு போன்றவை சிறு அளவில் வரும். பழைய பிளாஸ்டிக்கில் சேர்க்கும் இர்காஃபோஸ் 168 என்ற நிலைநிறுத்தி கதிரில் உடைந்து 2,4-டைடெர்ட்பியூட்டைல்பீனாலாக மாறுவது நன்கு தெரிந்த விஷயம். உங்கள் படலத்தில் அந்தச் சேர்க்கை இல்லாதது ஒரு நிம்மதி. பொதிந்தபின் கதிர் கொடுக்கும் உணவுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த பொருட்களின் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 10 கிலோகிரே. அதில் பாலிஎத்திலீன் முதலியவற்றோடு மேற்பூச்சுள்ள செல்லோபேனும் இருக்கிறது. அதாவது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் பல காலமாகவே கதிர்ப் பொதியில் ஏற்கப்பட்டதுதான். உங்களால் செய்ய முடிந்த எளிய சோதனை முகர்ந்து பார்ப்பது. படலத்தை மூடிய பாட்டிலில் ஒரு நாள் வைத்துத் திறந்து, ஐந்தாறு பேரை முகரச் சொல்லுங்கள். மூக்கு பல நேரம் கருவியை முந்திக்கொள்ளும்.

மக்குமா? அறுந்த சங்கிலி வேகமாகவே மக்கும், நுண்ணுயிரியின் நொதிக்குக் கடிக்க முனைகள் அதிகம். பின்னல் விழுந்தால் தாமதமாகும். ஆனால் உங்கள் படலம் விஷயத்தில் கதிரைவிடப் பெரிய கேள்வி கிருமி எதிர்ப்புதான். இறாலின் கிருமியைத் தடுக்கும் படலம் மண்ணின் கிருமியை மட்டும் வரவேற்குமா? லவங்கப்பட்டை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், பரவாயில்லை. வெள்ளி போகாது, மண்ணிலேயே தங்கும். இன்னொரு எச்சரிக்கை. மண்ணில் புதைத்து எடை குறைந்ததை மக்கியதாகக் கணக்கிடாதீர்கள். முதல் வாரத்தில் குறையும் எடையில் பாதிக்கு மேல் கிளிசராலும் கரையும் ஸ்டார்ச்சுமாக இருக்கலாம். கதிர் பட்ட படலத்தில் கரையும் துண்டுகள் இன்னும் அதிகம். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே சரி. ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரமும் அதைத்தான் கேட்கிறது, 180 நாளுக்குள் 90 சதவீதம்.

இனி அளவு. பச்சை மீன், இறாலின் ஆயுளை நீட்டிக்க இந்தியாவில் அனுமதி 1 முதல் 3 கிலோகிரே. எனவே உங்கள் தொகுப்பு 0, 1, 2, 3 என்று இருக்கட்டும். வெறும் படலத்துக்கு மட்டும் 10, 25 இரண்டையும் சேருங்கள். மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்று அவை பளிச்சென்று காட்டும். 3 கிலோகிரே வரையில் படலம் பெரிதாக நொய்யாது என்பதே என் எதிர்பார்ப்பு. நிலையத்துக்கு அனுப்பும்போது "3 கொடுங்கள்" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். பெட்டியின் ஓரத்துக்கும் நடுவுக்கும் வாங்கும் அளவு வேறுபடும். எங்கள் மாதிரி ஒருமுறை பெட்டியில் கதிர் மூலத்தை ஒட்டிய ஓரத்தில் இருந்துவிட்டு, கேட்டதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாங்கி வந்தது. படலத்தோடு சேர்த்து, வாங்கிய கதிரை அளக்கும் டோசிமீட்டர் ஒட்டச் சொல்லி, குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் வெப்பநிலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறைந்த நிலையில் ராடிக்கல்கள் நகராது, அது தனித் தொகுப்பாகத்தான் கணக்கில் வரும்.